டேஞ்சர் பெரிதா, வார்னிங் பெரிதா?

மதுரை மாவட்டத்தில் மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி என்று எந்த ஊர் உரக்கடைக்குப் போனாலும், அங்கே அடுக்கியிருக்கும் பூச்சிமருந்துப் புட்டிகளில் முனையில் நிற்கும் ஒரு சதுரம் அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம், மேல்பாதியில் ஓர் ஆங்கிலச் சொல். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் வகுத்த முறை இது. சிவப்பு என்றால் மண்டையோட்டுடன் 'பாய்சன்'. மஞ்சள் என்றால் மண்டையோடு இல்லாத 'பாய்சன்'. நீலம் என்றால் 'டேஞ்சர்'. பச்சை என்றால் 'காஷன்', அதாவது கவனம். நஞ்சின் கடுமை இந்த வரிசையில்தான் இறங்குகிறது. ஆக, நம் நாட்டுப் பூச்சிமருந்துப் புட்டியில் 'டேஞ்சர்' மூன்றாம் படியில் நிற்கிறது. பள்ளியில் ஆங்கிலம் படித்த எவருக்கும் இது தலைகீழாகத் தோன்றும்.

நிறங்களும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. காளவாசல் சந்திப்பில் மஞ்சள் விளக்கைப் பார்த்துப் பழகிய கண், மஞ்சள் லேபிளைப் பாதி ஆபத்து என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஆனால் மஞ்சள் லேபிள் மருந்து கடும் நஞ்சு. கிலோ உடல் எடைக்கு 51 முதல் 500 மில்லிகிராம் வரை வயிற்றுக்குள் போனால் சோதனை விலங்குகளில் பாதி செத்துவிடும் என்பது அதன் வரையறை. சிவப்புக்கு அந்த அளவு 1 முதல் 50, நீலத்துக்கு 501 முதல் 5,000, பச்சைக்கு அதற்கும் மேல். பச்சையைப் பார்த்து இயற்கை மருந்து என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. மற்ற எல்லாக் கடைகளிலும் பச்சை அதைத்தான் சொல்கிறது.

இதே புட்டி அமெரிக்காவில் விற்கப்பட்டால் சொற்களின் வரிசை மாறிவிடும். அங்கே பூச்சிமருந்து லேபிளில் 'டேஞ்சர்' உச்சத்திலும், 'வார்னிங்' நடுவிலும், 'காஷன்' அடியிலும் இருக்கும். ஆலை இயந்திரங்களுக்கான அமெரிக்கத் தர விதிகளிலும் வரிசை அதேதான். தவிர்க்காவிட்டால் சாவோ படுகாயமோ நேர்ந்தே தீரும் என்றால் சிவப்பில் 'டேஞ்சர்'. நேரக்கூடும் என்றால் ஆரஞ்சில் 'வார்னிங்'. சிறுகாயத்தோடு போகும் என்றால் மஞ்சளில் 'காஷன்'. ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பொருள்தான் கெடும் என்றால் நீலத்தில் 'நோட்டீஸ்'. ஐக்கிய நாடுகள் அவை 2003இல் வெளியிட்ட ரசாயன லேபிள் முறையோ இரண்டே சொற்களை வைத்துக்கொண்டது: கடுமையானதற்கு 'டேஞ்சர்', அதற்குக் குறைந்ததற்கு 'வார்னிங்'. வளைகுடா நாட்டு ரசாயன ஆலை ஒன்றில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், தன் தோட்டத்து மல்லிகைக்கு மருந்து வாங்கும்போது எந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பார்? 'டேஞ்சர்' என்ற நீலப் புட்டியை வேண்டாம் என்று வைத்துவிட்டு, அதைவிடக் கொடிய மஞ்சள் புட்டியை எடுத்து வந்தால் அது அவர் தவறல்ல.

இந்தச் சொற்கள் எதற்கும் பிறவியிலேயே பதவி கிடையாது என்பதுதான் விஷயம். 'டேஞ்சர்' பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் வேர் எசமானைக் குறிக்கும் லத்தீன் சொல். ஒருவனுடைய 'டேஞ்சரில்' இருப்பது என்றால் ஒரு காலத்தில் அவன் பிடிக்குள், அவன் தயவில் இருப்பது என்றுதான் பொருள். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனின் 'டேஞ்சரில்' இருந்தான். ஆபத்தைக் குறிக்கும் மற்ற ஆங்கிலச் சொற்களில் 'ஹசார்டு' தாய விளையாட்டு ஒன்றின் பெயர். 'ஜெபர்டி' வெற்றியும் தோல்வியும் சமமாக நிற்கும் ஆட்டநிலை. 'பெரில்' சோதனையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'எக்ஸ்பெரிமென்ட்', 'எக்ஸ்பர்ட்' எல்லாம் அதன் உறவினர்கள். எசமானும் தாயக்கட்டையும் பரீட்சையும் கலந்த கூட்டம் இது. இவற்றில் எது பெரியது என்று அகராதியில் தேடினால் கிடைக்காது. படிவரிசை என்பது பிற்காலத்துக் குழுக்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து போட்ட ஒப்பந்தம். குழுவுக்குக் குழு ஒப்பந்தம் வேறு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'டேஞ்சர்' என்பது எதிரே இருக்கும் பொல்லாங்கின் பெயர். 'வார்னிங்' என்பது அதைச் சொல்பவர் செய்யும் வேலை. 'காஷன்' என்பது படிப்பவரிடம் எதிர்பார்க்கும் நடத்தை. ஒன்று பொருள், ஒன்று பேச்சு, ஒன்று பதில். மூன்று வெவ்வேறு இனங்களை ஒரே ஏணியில் ஏற்றினால் அது ஆடத்தான் செய்யும். தமிழிலும் இந்த மூன்று இனங்கள் உண்டு. அபாயம் அல்லது ஆபத்து பொருளைச் சொல்கிறது, எச்சரிக்கை சொல்பவரின் செயல், கவனம் அல்லது ஜாக்கிரதை படிப்பவரின் கடமை. நாம் இவற்றை ஏணியாக அடுக்கவில்லை. அடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவும் இல்லை. அதனால் மொழிபெயர்ப்பவர் கைக்கு வந்ததைப் போடுகிறார். ஒரே தொழிற்சாலைக்குள் 'டேஞ்சர்' பலகை ஓரிடத்தில் 'எச்சரிக்கை' ஆகவும், 'காஷன்' பலகை இன்னோரிடத்தில் 'அபாயம்' ஆகவும் மாறிக் கிடப்பது இப்படித்தான்.

'ஹசார்டு', 'ரிஸ்க்' என்ற இரண்டும் இந்த ஏணியில் சேராதவை. பாதுகாப்புப் பொறியாளர்கள் இவற்றை ஒருபோதும் கலக்க மாட்டார்கள், நாம் எப்போதும் கலக்கிறோம். அலங்காநல்லூர் வாடிவாசலைப் பாருங்கள். கொம்பைச் சிலுப்பிக்கொண்டு உள்ளே நிற்கும் காளை 'ஹசார்டு'. யார் எங்கே நின்றாலும் அதன் கொம்பின் கூர்மை மாறாது. 'ரிஸ்க்' ஆளுக்கு ஆள் மாறும்: களத்தில் நிற்கும் மாடுபிடி வீரருக்கு ஒன்று, தடுப்புக்கு வெளியே கழுத்தை நீட்டுபவருக்கு ஒன்று, மேடையில் பரிசு வாசிப்பவருக்கு ஒன்று, வீட்டில் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு ஏதுமில்லை. தீங்கு நேரும் வாய்ப்பையும் நேர்ந்தால் அதன் கடுமையையும் சேர்த்துப் பார்ப்பதுதான் 'ரிஸ்க்'.

பூச்சிமருந்துப் புட்டியின் நிறம் சொல்வது 'ஹசார்டை' மட்டும். அதுவும் ஒரே தடவையில் உடலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை மட்டும். மூக்கில் துணிகூடக் கட்டாமல், வெறுங்காலோடு, காற்றுக்கு எதிராக நின்று வருடக்கணக்கில் தெளித்தால் என்ன ஆகும் என்பதை அந்த நிறம் சொல்லாது. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் சிவப்புப் புட்டியைவிட, தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரையில் வைத்த பச்சைப் புட்டி மருந்தின் 'ரிஸ்க்' பெரிதாகலாம். இதற்கு மேல் நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வயலில் தெளிப்பதை நாம் விஷம் என்று சொல்வதில்லை, 'மருந்து' என்கிறோம்; தெளிப்பது 'மருந்தடிப்பது'. லேபிளை வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. எத்தனை மொழிகளில் அச்சிட்டாலும் 'மருந்து' என்ற ஒரு சொல் அத்தனையையும் மென்மையாக்கிவிடுகிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் நஞ்சுக்கு இதைவிட நல்ல விளம்பரம் யாராலும் எழுத முடியாது.

மழைக்காலம் வந்தால் வேறோர் ஏணி. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் நான்கு நிறங்களுக்கு ஒவ்வொரு சொல் உண்டு. பச்சைக்கு எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சளுக்கு 'வாட்ச்', அதாவது நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சுக்கு 'அலர்ட்', தயாராக இருங்கள். சிவப்புக்கு 'வார்னிங்', நடவடிக்கையில் இறங்குங்கள். இங்கே 'வார்னிங்' உச்சியில் இருக்கிறது! இயந்திர விதியில் இரண்டாம் இடம், ஐக்கிய நாடுகளின் ரசாயன முறையில் கீழ்ப்படி, மழைக்கு முதலிடம். 'டேஞ்சர்' என்ற சொல்லே இந்த ஏணியில் இல்லை. நம் செய்தித்தாள்களோ மூன்றையும் ஒரே அச்சில் வார்த்து 'ரெட் அலர்ட்', 'ஆரஞ்சு அலர்ட்', 'யெல்லோ அலர்ட்' என்று எழுதிவிடுகின்றன. 'அலர்ட்' ஆரஞ்சுக்கு மட்டுமே உரிய சொல் என்பது மறைந்துபோய், நிறம் மட்டும் மிஞ்சுகிறது. இதனால் பெரிய நட்டமில்லை என்பேன். நிறம் நினைவில் நிற்கும் அளவுக்குச் சொல் நிற்பதில்லை. நட்டம் வேறிடத்தில் இருக்கிறது: சிவப்பு என்றால் பள்ளி விடுமுறை என்ற பொருள்தான் வீடுகளில் பதிந்திருக்கிறது, நடவடிக்கை என்ற பொருள் பதியவில்லை.

நிறத்துக்குப் பின்னால் எண்களும் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. ஆனால் இது ஒரு நாள் முழுவதற்குமான கணக்கு, மாவட்டத்துக்கான அறிவிப்பு. 2024 அக்டோபர் இறுதியில் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்த் தெருக்கள் மூழ்கியதற்கு மழையின் மொத்த அளவு மட்டும் காரணமல்ல. குறுகிய நேரத்தில் விழுந்த வேகமும், பந்தல்குடி வாய்க்காலில் வழியின்றித் திரும்பிய நீரும் காரணம். மழை 'ஹசார்டு', வாய்க்கால் 'ரிஸ்க்' என்று பிரித்துப் பார்த்தால், வானிலைத் துறை எதைச் சொல்ல முடியும், மாநகராட்சி எதைச் சொல்ல வேண்டும் என்பது விளங்கும். வண்ண எச்சரிக்கை வாய்க்காலைத் தூர் வாராது.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்ற செய்தி நாளிதழ்களின் மதுரைப் பதிப்பில் தவறாமல் வரும். 'மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது' என்று படித்ததும் இரண்டைவிட ஒன்று கூடிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த எண்களுக்கும் ஆங்கிலப் பெயர்கள் உண்டு. 1 'டிஸ்டன்ட் காஷனரி', 2 'டிஸ்டன்ட் வார்னிங்', 3 'லோக்கல் காஷனரி', 4 'லோக்கல் வார்னிங்'. முதல் இரண்டும் தொலைவில் கடலில் இருக்கும் புயல்சின்னத்தைப் பற்றியவை, அடுத்த இரண்டும் துறைமுகத்துக்கே வரக்கூடிய வானிலையைப் பற்றியவை. 5, 6, 7 மூன்றுக்கும் ஒரே பெயர்: 'டேஞ்சர்'. 8, 9, 10 மூன்றுக்கும் 'கிரேட் டேஞ்சர்'. ஒரே பெயருக்கு ஏன் மூன்று எண்கள்? புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதுதான் வேறுபாடு. துறைமுகம் புயல் பாதைக்கு இடப்புறம் என்றால் ஓர் எண், வலப்புறம் என்றால் அடுத்தது, நேர் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் மூன்றாவது. ஆகவே ஆறைவிட ஏழு கடுமையான புயல் என்பது பொருளல்ல, பாதைதான் வேறு. காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று கப்பல் மாலுமிக்குத் தெரிய வேண்டும். அவருக்காகச் செய்த ஏற்பாடு இது. 11க்கு வந்தால் புயலைப் பற்றிய சேதியே இல்லை, எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். கேட்பதற்கு அதுதான் மிகவும் பயமாக இருக்கிறது.

இத்தனை ஏணிகளையும் பார்த்த பிறகு வைகை அணையின் ஏணியைப் பார்த்தால் நிம்மதி வருகிறது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. 66 அடியை எட்டியதும் முதல் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களின் கரையோர ஊர்களுக்கு இந்த அறிவிப்பு போகும். எல்லாக் கட்டத்துக்கும் சொல் ஒன்றுதான். படியைக் காட்டுவது சொல்லல்ல, எண். 'வெள்ள அபாய எச்சரிக்கை' என்ற தொடரில் அபாயமும் எச்சரிக்கையும் தம் தம் வேலையைச் செய்கின்றன: வெள்ளம் என்ற அபாயம், அதைப் பற்றிய எச்சரிக்கை. அதோடு ஆற்றில் இறங்காதீர்கள், குளிக்காதீர்கள், மாடுகளை ஓட்டிச் செல்லாதீர்கள் என்று செய்ய வேண்டியதும் சேர்ந்தே வருகிறது. யானைக்கல் தரைப்பாலத்தில் தடுப்பு வைக்கும் காவலருக்கும், மண்டபப்படியில் துணி துவைப்பவருக்கும் மூன்றாம் கட்டம் என்றால் என்ன என்று தெரியும். ஆங்கிலத்தின் ஆறேழு சொற்கள் செய்ய முடியாததை மூன்று எண்கள் செய்கின்றன.

ரயில்வேயில் 'டேஞ்சர்' கலக்கமே இல்லாத சொல். சிக்னல் சிவப்பில் இருந்தால் அது 'டேஞ்சரில்' இருக்கிறது என்பார்கள், நில் என்பதைத் தவிர அதற்குப் பொருள் இல்லை. ஒற்றை மஞ்சள் 'காஷன்', இரட்டை மஞ்சள் 'அட்டென்ஷன்', பச்சை 'புரசீடு'. சிக்னல் பழுதானால் தானாகவே சிவப்புக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். அதாவது இருப்புப்பாதையில் 'டேஞ்சர்' என்பதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான நிலை. மதுரைக் கோட்டத்து லோகோ பைலட்டுகளுக்குப் பயணத்துக்கு முன் கொடுக்கும் 'காஷன் ஆர்டரும்' பயமுறுத்தும் கடிதமல்ல. எந்தக் கிலோமீட்டரில் என்ன வேகம் என்ற பட்டியல்.

டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் தொங்கும் 'அபாயம்' பலகைக்கு ஏணியே கிடையாது. 1956ஆம் ஆண்டின் மின்சார விதிகள் மண்டையோடும் எலும்பும் போட்டு, இந்தியிலோ ஆங்கிலத்திலோ அத்துடன் வட்டார மொழியிலும் எழுதச் சொன்னன. 433 வோல்ட்டுக்கும் 11,000 வோல்ட்டுக்கும் அதே சொல்தான், ஏனென்றால் கீழ்ப்படியே கொல்லும்.

மருத்துவமனைக்குள் ஆங்கிலம் நம் கையில் வேறு உருவம் எடுக்கிறது. 'பேஷன்ட் சீரியஸ்' என்று நாம் சொன்னால் ஆங்கிலேயர் காதில் அது சிரிக்கவே சிரிக்காத நோயாளி என்று விழும். அவர்கள் நோயாளியைச் சொல்வதில்லை, நிலைமையைத்தான் 'சீரியஸ்' என்பார்கள். 'டேஞ்சரஸ்' என்றால் பிறருக்கு ஆபத்து தருபவர், 'இன் டேஞ்சர்' என்றால் தானே ஆபத்தில் இருப்பவர்; ஓர் எழுத்து தவறினால் படுத்திருப்பவர் ரவுடியாகிவிடுவார். தமிழ் நாளிதழ்களின் 'கவலைக்கிடம்', 'அபாயக் கட்டத்தைத் தாண்டினார்' இரண்டும் இந்த வம்பில்லாமல் நிலைமையை மட்டும் சொல்கின்றன. கோயிலைச் சுற்றியுள்ள வாகன நிறுத்தங்களில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்பதை 'உரிமையாளர் பொறுப்பில்' என்று எழுதியிருப்பதும் நல்ல தமிழ். அங்கே 'ரிஸ்க்' என்பது ஆபத்தே அல்ல, வண்டி காணாமல் போனால் யார் தலையில் விடியும் என்ற கேள்வி.

கடைசியாக, திருமங்கலம் சாலையில் கப்பலூர் சுங்கச்சாவடியில் நம் முன்னால் நிற்கும் டேங்கர் லாரியின் முதுகில் இருக்கும் சொல்: 'ஹைலி இன்ஃபிளேமபிள்'. எளிதில் தீப்பற்றக்கூடியது என்று பொருள். ஆனால் ஆங்கிலத்தில் 'இன்' என்ற முன்னொட்டு பெரும்பாலும் 'அல்ல' என்ற பொருள் தருவதால், தீப்பற்றாதது என்று படிப்பவர்களும் உண்டு. இங்கே இருக்கும் 'இன்' அந்த 'இன்' அல்ல. தீக்குள் புகுவதைச் சொல்லும் லத்தீன் முன்னொட்டு. இந்தக் குழப்பத்தால் அமெரிக்கத் தீத்தடுப்பு அமைப்பினர் 1920களிலேயே 'ஃபிளேமபிள்' என்று சுருக்கி எழுதச் சொன்னார்கள். ஐக்கிய நாடுகளின் முறையும் அதையே எடுத்துக்கொண்டது. நம் லாரிகள் பழைய சொல்லை விடவில்லை. தமிழில் 'எளிதில் தீப்பற்றக்கூடிய' என்று எழுதும்போது இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட பொருளை ரயிலில் ஏற்றுவதை ரயில்வே சட்டத்தின் 67, 164ஆம் பிரிவுகள் தடுக்கின்றன. சொல் புரியாததால் நடந்த விபத்தல்ல அது.

சொல்லால் நடக்கும் தீ விபத்தைப் பற்றி எழுதியவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். அமெரிக்காவில் தீக்காப்பீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்துகொண்டே மொழியியல் படித்தவர், 1941இல் இறந்தார். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகில் மிகக் கவனமாக நடந்துகொண்டவர்கள், 'காலி' என்று சொல்லப்பட்ட பீப்பாய்களின் அருகில் அலட்சியமாகப் புகைபிடித்ததை அவர் கண்டார். காலி பீப்பாய்க்குள் திரவம் இல்லை, ஆவி இருக்கிறது. நிறைந்த பீப்பாயில் காற்றுக்கு இடமில்லை, காலிப் பீப்பாயில் ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்து நிற்க முடியும். பழைய டிரம்மை வாங்கிவந்து தண்ணீர்த் தொட்டி செய்யப் பட்டறையில் வெட்டச் சொல்பவருக்கும், அதில் வெல்டிங் பொறியை வைப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 'காலி' என்ற சொல்லைக் கேட்டதும் பயம் போய்விடுவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய நோயல்ல.

சரக்குப் போக்குவரத்துக்கான ஐக்கிய நாடுகளின் விதிகள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. கழுவிச் சுத்தம் செய்யாத காலிக் கலத்தில், நிறைந்திருந்தபோது இருந்த அதே அடையாளங்கள் இருக்க வேண்டும். பெட்ரோலின் ஐ.நா. எண் 1203. பெட்ரோலை இறக்கிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பும் டேங்கரும், கழுவும் வரை, அந்த 1203 பலகையோடுதான் சாலையில் போக வேண்டும்.